காட்டைக் கழுவியவள்

கணவன் வலையையும் துணிமணியையும் தன் வள்ளத்தில் ஏற்றிக்கொண்டு வேறு கரைக்குக் கிளம்பிய வியாழக்கிழமை காலையிலும் பளிச்சக்கா தன் படகைக் கழுவிக்கொண்டுதான் இருந்தாள். முதலில் ஒரு வாளித் தண்ணீர். பிறகு தேங்காய் நாரால் தேய்ப்பு. பிறகு இன்னொரு வாளி. கடைசியில் காய்ந்த துணி. பலகை இடுக்கில் மணல் மாட்டியிருந்தால் துடைப்பத்திலிருந்து ஓர் ஈர்க்கை உருவிக் குத்தி எடுப்பாள். அன்றும் எடுத்தாள்.

"போறேன்" என்றான் அவன்.

"இருங்க, முன் பலகையில செதிள் ஒட்டியிருக்கு" என்று துணியோடு அவன் வள்ளத்துக்கும் எட்டினாள்.

அவன் கழியை ஊன்றி வள்ளத்தைத் தள்ளிவிட்டான். "செதிளாவது ஒட்டியிருக்கட்டும், விடு. மீன் வந்து போனதுக்கு அது ஒண்ணுதான் சாட்சி."

கொஞ்ச தூரம் போனபின் திரும்பிப் பார்க்காமலே சொன்னான்: "இந்த ஓடையில உனக்குப் பொழப்பு இருக்கு. எனக்கு இல்ல. உன் விருந்தாளிங்க நல்லா இருக்கட்டும்."

வள்ளம் வளைவில் மறைந்தது. படித்துறையில் கயிறு இழுபட்ட இடத்தில் சேறு ஒரு கோடாகக் கிடந்தது. அவள் குனிந்து அதையும் துடைத்தாள்.

சொந்தப் பெயர் ஒன்று அவளுக்கு உண்டு. அடையாள அட்டையில் பத்திரமாக இருக்கிறது. நகரத்து விடுதி ஒன்றில் பதினோரு வருடம் அறை சுத்தம் செய்தவள். "எதுவும் பளிச்சுன்னு இருக்கணும்" என்பது வாய் ஓயாத சொல்லாக இருந்து, கடைசியில் அவள் பெயராகவே ஒட்டிக்கொண்டது. அவள் வீட்டு இரண்டு அறைகளிலும் செருப்பு முதல் சட்டி வரை ஒவ்வொன்றுக்கும் ஓர் இடம். தேநீர் கொதிக்கவைக்கும் கெண்டியில் முகம் பார்த்துத்தான் கணவன் சவரம் செய்வான். அடுத்த வீட்டுக்குப் போனால் பேசிக்கொண்டே ஜன்னல் சட்டத்தில் விரலை ஓட்டி, விரல் நுனியைப் பார்ப்பாள். ஆனால் ஒன்றும் சொல்லமாட்டாள். அதுதான் கொடுமை.

"ஏதாவது சொல்லித் தொலைச்சாக்கூடத் தேவலை. பாத்துட்டு ஒரு மூச்சு விடும் பாரு, அன்னிக்கு முழுக்க எனக்குச் சோறு எறங்காது" என்பாள் பக்கத்து வீட்டு ரேடியோ. அவளுக்கு ஏன் அந்தப் பெயர் என்று யாரும் கேட்க வேண்டியதில்லை. ஐந்து நிமிடம் அருகில் நின்றால் போதும்.

இருவருக்கும் தொழில் ஒன்று. வெளியூரிலிருந்து வருகிற விருந்தாளிகளைத் துடுப்புப் படகில் ஏற்றி அலையாத்திக் காட்டுக்குள் கூட்டிப்போய்க் காட்டித் திரும்புவது. பதினான்கு பெண்கள், பதினான்கு படகுகள். பளிச்சக்கா படகின் பின்முனையில் நின்றபடி துடுப்பு போடுவாள். பெரிய பானையைக் கிண்டுவதுபோல ஒரு சுழற்று, ஒரு அழுத்து, சத்தமே வராது. படித்துறையிலிருந்து பார்த்தால் காடு வெறும் பச்சைச் சுவர். அதில் ஒரு விரிசல்போல ஓடையின் வாய். அதற்குள் படகு நுழைந்ததும் வெயில் அணைந்துவிடும். இரண்டு பக்கமும் மரங்கள் வேரைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, நனையாமல் ஆற்றைக் கடக்கப் பார்க்கிற கூட்டம்போல நிற்கும். அதுவரை கைப்பேசியில் சத்தமாகப் பேசிக்கொண்டு வந்தவர்கள் தாமாகவே குரலைத் தாழ்த்திக்கொள்வார்கள்.

"கையை உள்ள வச்சுக்கங்க" என்பாள். "மரம் ஒண்ணும் பண்ணாது. வேர்ல இருக்கிற சிப்பி கிழிச்சுடும்."

இந்தக் காட்டின்மேல் ஊருக்கு மரியாதை வந்தது ஒரு பெரும்புயலுக்குப் பிறகு. அன்று நாற்பது வள்ளங்களையும் ஓடைக்குள் கொண்டுபோய் வேர்களில் கட்டிவிட்டு, உயிர் பிழைத்தால் போதுமென்று எல்லோரும் மேட்டுப் பள்ளிக்கூடத்தில் போய் உட்கார்ந்தார்கள். மறுநாள் இறங்கி வந்து பார்த்தபோது, காடு இல்லாத தென்பக்கக் கரையில் சுவர்களே இல்லை. இந்தப் பக்கம் நாற்பது வள்ளங்களும், தொட்டிலில் போட்ட பிள்ளைகள்போல, ஆளுக்கொரு வேரில் ஆடிக்கொண்டிருந்தன. ஒன்றுக்குக்கூட ஓட்டை விழவில்லை. செய்தி பரவியது. ஊரைக் காப்பாற்றிய காட்டைப் பார்க்க ஆட்கள் வந்தார்கள். பெண்கள் சேர்ந்து படகு வாங்கினார்கள். பளிச்சக்கா விடுதி வேலையை உதறிவிட்டுத் துடுப்பைப் பிடித்தாள். அதுவரை ஆண்களின் வலையை மட்டுமே நம்பி எரிந்த அடுப்புகளில் இன்னொரு கட்டை விறகு விழுந்தது.

வந்த முதல் கூட்டத்திலேயே ஒரு பெண்மணி மூக்கைப் பொத்திக்கொண்டார். "என்னங்க இது, இவ்வளவு குப்பை? அழுகின வாடை வேற."

சொன்னவர் அடுத்த வளைவிலேயே மறந்திருப்பார். பளிச்சக்காவுக்கோ, விருந்தாளி வந்து உட்கார்ந்த நாற்காலியில் தூசி இருந்ததுபோல உடம்பு கூசிவிட்டது. ஊரைக் காப்பாற்றிய காடு, அதைப் போய் ஒருத்தி மூக்கைப் பொத்திக்கொண்டு பார்ப்பதா? அன்று மாலையே பதினான்கு பேரையும் கூட்டி, ஓடையைப் பதினான்கு பகுதியாகப் பிரித்தாள். ஆளுக்கொரு பகுதி. நீர் வற்றும் நேரத்தில் இறங்கி, நெகிழிப் பைகளைப் பொறுக்குவது. நல்லதுதான். அதோடு நிறுத்தியிருக்கலாம். சேற்றில் படிந்த இலையை வாரிக் கூடையில் அள்ளுவது, அழுகிய கிளையை இழுத்துப் போடுவது, வேரில் ஒட்டிய சிப்பியையும் பாசியையும் பலகைத்துண்டால் சுரண்டுவது என்று அவள் போட்ட பட்டியல் விடுதியின் முறை. மேலிருந்து கீழே, உள்ளிருந்து வெளியே. அள்ளியதெல்லாம் மேட்டில் காயவைத்துக் கொளுத்தப்பட்டது.

பத்து மாதத்தில் ஓடை கண்ணாடி மாதிரி ஆனது. வேர்கள் மெழுகு பூசினாற்போல மின்னின. வந்தவர்கள் படம் எடுத்துத் தள்ளினார்கள். "இவ்வளவு சுத்தமான காட்டை நாங்க எங்கேயும் பாத்ததே இல்ல" என்று ஒருவர் சொன்னதை, பளிச்சக்கா ஒரு வாரம் வீட்டில் சொல்லிக்கொண்டிருந்தாள். கணவன் கேட்டுக்கொண்டே சாப்பிட்டான். அவன் தட்டில் மீன் இல்லை.

அவன் தொழில் கழிமுகத்தில். ஓடை கடலில் சேரும் இடத்தில் கம்புகளை ஆழ ஊன்றி வலை கட்டுவான். நீர் வற்றும்போது காட்டுக்குள்ளிருந்து இறங்கி வரும் இறால் நேராக அதில் வந்து விழும். அந்த வருடம் வலையில் நீர்தான் விழுந்தது. முதல் மாதம் காற்று சரியில்லை என்றார்கள். அடுத்த மாதம் வலை பழசு என்றார்கள். மூன்றாம் மாதம் எல்லோர் கண்ணும் ஒரே பக்கம் திரும்பியது. விருந்தாளிகள். அவர்கள் வருவதற்கு முன் மீன் இருந்தது, வந்தபின் இல்லை. பச்சைப் பிள்ளைக்குக்கூடப் புரிகிற விஷயம்! பன்னிரண்டு ஆண்கள் வள்ளத்தைக் கிளப்பிக்கொண்டு வேறு கரைகளுக்குப் போனார்கள். பளிச்சக்காவின் கணவன் ஏழாவது ஆள்.

அவன் போய் மூன்றாம் நாள், ரேடியோவின் பகுதியைப் பார்வையிடப் போனாள் பளிச்சக்கா. அது ஓடையின் கடைசி முடுக்கு. கிளைகள் தண்ணீரைத் தொட்டுக்கொண்டு கிடக்கும். குனிந்து தவழ்ந்துதான் படகைச் செலுத்த வேண்டும். அதனால் யாரும் அங்கே விருந்தாளிகளைக் கூட்டிப்போவதில்லை; பளிச்சக்காவும் அதுவரை உள்ளே எட்டிப் பார்த்ததில்லை. உள்ளே போனதும் அவளுக்கு ரத்தம் தலைக்கேறியது. ஒரு இலைகூட அள்ளப்படவில்லை. பத்து மாதமும் ரேடியோ வாயால்தான் சுத்தம் செய்திருக்கிறாள். மஞ்சளும் கறுப்புமாய் இலை ஒரு முழம் மண்டிக் கிடந்தது. வாடை முகத்தில் அறைந்தது.

அங்கே இல்லாத ரேடியோவைத் திட்டுவதற்கு வாயைத் திறந்தவள் அப்படியே நின்றாள்.

சேறு நடந்துகொண்டிருந்தது.

கண்ணைக் கசக்கிக்கொண்டு பார்த்தாள். சேறு முழுக்க நண்டு. சிவப்புக் கொடுக்குகள் நூறா, ஆயிரமா, எண்ண முடியாது. ஒவ்வொரு நண்டும் ஒரு இலையைக் கொடுக்கால் பற்றிப் பின்பக்கமாக நடந்து வளைக்குள் இழுத்துக்கொண்டிருந்தது. குறுகிய வாசலில் மெத்தையை நுழைக்கிறவர்களைப்போல, திருப்பிப் பார்த்து, மடக்கிப் பார்த்து, ஒருவழியாக உள்ளே தள்ளின. பளிச்சக்கா படகின் ஓரத்தில் மண்டியிட்டுக் கையைத் தண்ணீருக்குள் விட்டாள். பாதி அழுகிய ஓர் இலையை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தாள். இலையின்மேல் சிறு சிறு கண்கள். உடம்பே இல்லாத கண்கள். இமைமயிர் அளவு இறால் குஞ்சுகள், கண்ணாடியால் செய்ததுபோல, உள்ளே ஓடும் உணவுகூடத் தெரிய, அந்த ஓர் இலையில் மட்டும் இருபது முப்பது இருக்கும். இலைக்கு அடியில் இன்னும் பெயர் தெரியாத ஏதேதோ நெளிந்தன. வேர் இடுக்கில் விரல் நீள மீன்கள் கூட்டமாக நின்று வேரைக் கொத்தின. தலைக்குமேல் மரம், யாரும் கேட்காமலே, இன்னொரு இலையை உதிர்த்தது. அது சுழன்று இறங்கித் தண்ணீரைத் தொட்டதும் நாலு பக்கத்திலிருந்தும் ஏதோ ஒன்று அதை நோக்கி வந்தது.

எவ்வளவு நேரம் அப்படி மண்டியிட்டிருந்தாள் என்று அவளுக்கே தெரியாது. நீர் ஏறிப் படகைத் தூக்கியபோதுதான் நினைவு வந்தது. இங்கே தின்று பெருத்தவைதான் கழிமுகத்தில் அவன் வலைக்குப் போய்ச் சேர்ந்திருக்கின்றன, இத்தனை வருடமும். இதைத்தான் கூடை கூடையாக மேட்டில் கொளுத்தியிருக்கிறாள்.

அடுத்த நாள் மீனவர் சங்கத்தில் கூட்டம். தகரக் கூரை, பிளாஸ்டிக் நாற்காலிகள், நடுவில் ஒரு நீள மேசை. தலைவரை ஊர் நங்கூரம் என்று கூப்பிடும். உட்கார்ந்தால் கூட்டம் முடியும்வரை எழமாட்டார், யார் வந்தாலும்.

"ரொம்பப் பேச வேண்டாம்" என்று தொடங்கினார். "விருந்தாளிங்க வந்தாங்க, மீன் போச்சு. நாளையிலேருந்து பொம்பளைங்க படகையெல்லாம் கரையேத்திடுங்க. ஓடையை மூடிடலாம்."

"மூடிட்டா எங்க பொழப்பு?" என்றாள் ஒருத்தி.

"எங்க பொழப்பு போனப்ப நீங்க கேட்டீங்களா?" என்று பின்வரிசையில் ஒரு குரல்.

பளிச்சக்கா மட்டும் சும்மா இருந்திருந்தால் பழி விருந்தாளிகளோடு போயிருக்கும். வெளியூர்க்காரன் தலையில் விழுந்த பழியை யார் வந்து கேட்கப்போகிறார்கள்? படகுகள் மட்டும் கரையேறியிருக்கும். காட்டைக் கழுவியதால்தான் மீன் போனது என்று கடைசிவரை யாருக்கும் தெரிந்திருக்காது, அவள் கணவனுக்கும்தான்.

அவள் எழுந்தாள். எப்போதும் அந்த மேசையைத் துடைத்துவிட்டுத்தான் உட்காருகிறவள், அன்று காலை முடுக்கிலிருந்து அள்ளிவந்து காலடியில் வைத்திருந்த கூடையைத் தூக்கி அதன்மேல் கவிழ்த்தாள். கறுத்த இலையும் சேறுமாகச் சரிந்து, தலைவரின் முழங்கைவரை வந்து நின்றது. வாடை கூடத்தை நிறைத்தது.

"ஏம்மா! என்னம்மா இது? குப்பையைக் கொண்டாந்து கொட்டுற?"

"இதைத்தாண்ணே பத்து மாசமா நான் அள்ளிட்டுப் போய்க் கொளுத்துனேன். இவளுங்களையும் கொளுத்த வச்சேன்." ஓர் இலையை எடுத்து நீட்டினாள். "கண்ணாடியைப் போட்டுக்கிட்டுப் பாருங்க."

நங்கூரம் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார். இலையில் ஏதோ துள்ளியது.

"விருந்தாளி மேல தப்பு இல்ல. படகு மேலயும் தப்பு இல்ல. எறாலோட சோத்துப் பானையைக் கவுத்தவ நான். சுத்தம் பண்றேன்னு கவுத்துட்டேன்."

"அப்போ உன் புருஷன் ஊரை விட்டுப் போனது…" என்று ஆரம்பித்த பின்வரிசைக் குரல் பாதியில் நின்றது.

"ஆமா. அவரையும் நாந்தான் வெரட்டினேன்."

அப்போதுதான் அது நடந்தது. நங்கூரம் எழுந்தார். இலையை உள்ளங்கையில் ஏந்திக்கொண்டு ஜன்னல் வெளிச்சத்துக்குப் போய், இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தார். முதுகைக் காட்டியபடியே சொன்னார்: "ஐம்பது வருஷமாப் புடிச்சுச் சாப்பிடறேன். பொறக்கிற எடத்தை இன்னிக்குத்தாம்மா பாக்கறேன்." பிறகு திடீரென்று பதறினார். "முதல்ல இதையெல்லாம் அள்ளி ஓடையில விடு. ஓடு. செத்துடப் போவுது."

படகுகள் கரையேறவில்லை. துடைப்பம்தான் கரையேறியது.

அதன்பின் அவள் செய்ய வேண்டியிருந்தது ஒன்றுமே இல்லை. வாழ்நாளில் அவளுக்கு வாய்த்த வேலைகளிலேயே அதுதான் கடினம். கை நமநமவென்றது. கெண்டியை ஒரு நாளைக்கு மூன்று முறை தேய்த்தாள். ஒருநாள் பொறுக்க முடியாமல், முடுக்கிலிருந்து இலையைக் கூடையில் அள்ளி வெறிச்சோடிய பகுதிகளில் கொட்டப் புறப்பட்டாள். ரேடியோ வழியில் பிடித்துக்கொண்டாள்.

"அக்கா, மரத்துக்கு இலை கொட்டத் தெரியாதா? அதுக்கும் நீதான் சொல்லிக் குடுக்கணுமா?"

"நீ பேசாதடி. சோம்பேறி."

"அந்தச் சோம்பேறித்தனம்தான் ஊருக்கு விதை நெல்லு. மறந்துடாத."

மறுக்க முடியாத வாதம். பளிச்சக்கா கூடையைக் கவிழ்த்து அதன்மேல் உட்கார்ந்துவிட்டாள்.

மரங்கள் தங்கள் வேகத்தில் இலையை உதிர்த்தன. முதல் வருடம் சேற்றில் வளைகள் திறந்தன. வேர்களில் மறுபடி சிப்பி ஏறியது. கொக்குகள் வந்தன, கொக்கு வந்தால் கீழே ஏதோ இருக்கிறது என்று அர்த்தம். இரண்டாம் வருடம், கழிமுகத்தில் மிச்சமிருந்த ஆண்களின் வலை நீர் வற்றும் வேளையில் புடைத்தது. சேதி காற்றில் போனதுபோல, வெளியூர் போனவர்கள் ஒவ்வொருவராகத் திரும்பினார்கள். பன்னிரண்டு பேரில் பதினோரு பேர். அவளுடையவன் வரவில்லை. கூட்டம் நடந்த அன்றே தன் குரலைப் பதிவுசெய்து கைப்பேசியில் அனுப்பியிருந்தாள்: தப்பு என் மேலதாங்க. அவன் கேட்டுவிட்டான் என்று கருவி காட்டியது. பதில் வரவில்லை.

இப்போது அவள் படகில் ஏறுகிறவர்கள் பறவை பார்க்க வந்து இலை பார்த்துவிட்டுப் போகிறார்கள். முடுக்கின் வாயில் துடுப்பை நிறுத்தி, "மூச்சு விடாமப் பாருங்க" என்பாள். ஓர் இலை விழும். மிதக்கும். சேற்றில் ஒதுங்கும். நண்டு வந்து பற்றும். "அந்தா, பந்திக்குப் போவுது பாருங்க" என்பாள், அதை அன்றுதான் முதன்முதலாகப் பார்க்கிற குரலில். ஒரு கால்மணி நேரம் யாரும் அசையமாட்டார்கள். வளர்ந்த மனிதர்கள், தொலைதூரத்திலிருந்து வந்தவர்கள், ஓர் இலை வளைக்குள் நுழைந்ததும் பெருமூச்சு விடுவார்கள். யாராவது மூக்கைப் பொத்தினால் அவளுக்குக் கோபம் வருவதில்லை. "நாத்தம்தாங்க. உங்க தட்டுக்கு வர்ற எறால் இந்த நாத்தத்துல பொறந்து வளந்ததுதான்." அழகாக இருக்கிறதே என்று ஒரு காய்ந்த இலையை எடுத்துப் புத்தகத்தில் வைக்கப்போன ஒருவரின் கையை, யோசிக்காமல், பட்டென்று அடித்துவிட்டாள். அவர் சிரித்ததால் தப்பித்தாள்.

அவன் போய் இரண்டு வருடம் ஏழு மாதம் கழித்து, ஒரு பகல் பதினோரு மணிக்கு, படகில் நான்கு பேர் இருக்கும்போது கைப்பேசி அதிர்ந்தது. ஒரு குரல் செய்தி. துடுப்பை அக்குளில் இடுக்கிக்கொண்டு காதில் வைத்தாள். முதலில் வெறும் காற்று. எங்கோ ஒரு மோட்டார். பிறகு அவன் தொண்டையைச் செருமினான்.

"நம்ம ஓடையில எறா எறங்குதுன்னு இங்க ஒருத்தன் சொல்றான்." காற்று. "கழிமுகத்துல நான் விட்டுட்டு வந்த கம்பு நிக்குதா?"

அவ்வளவுதான்.

அவள் இன்னொரு முறை கேட்டாள். கைப்பேசியை உறையில் போட்டு இறுக்கிக் கட்டினாள். பிறகு படகைத் திருப்பினாள். கழிமுகத்துக்கு அவள் அதுவரை போனதே இல்லை. அந்தப் பக்கம் துடுப்பை நீட்டக்கூட இல்லை.

"இந்தப் பக்கம் டிக்கெட்டுல இல்லையே அக்கா?" என்றார் ஒருவர்.

"டிக்கெட்டுல இல்ல. சும்மா வாங்க."

காடு விலகியது. வெயில் கொட்டியது. அலைகளின் முதல் ஏற்ற இறக்கம் படகின் அடியில் தட்டியது. நீர் நடுவே ஐந்து கம்புகள். இரண்டு சாய்ந்து போயிருந்தன. மூன்று நேராக நின்றன, மேலெல்லாம் சிப்பி அப்பி, பாசி தொங்க, ஒன்றுக்கொன்று போட்டியாகத் தடித்துப்போய். அவள் படகை நடுக் கம்போடு அணைத்து நிறுத்தினாள். துடுப்பைக் கீழே போட்டாள். சிப்பி கிழிக்கும் என்று ஊருக்கெல்லாம் சொல்கிறவள், இரண்டு கையாலும் கம்பைக் கட்டிப்பிடித்து, உடம்பின் எடை முழுவதையும் போட்டு உலுக்கினாள். படகில் இருந்தவர்கள் அலறிப் பலகையைப் பிடித்துக்கொண்டார்கள். மறுபடி உலுக்கினாள்.

படகுதான் ஆடியது.